ஜெங் ஜி: முப்பதாம் வயதில் தொடங்கிய நடுக்களம்

நடுவட்டம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். கால்பந்தில் ஆசியாவின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்கள் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஜப்பானின் நகாதா, கொரியாவின் பார்க் ஜி-சுங், ஈரானின் நெகூனாம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. சீனாவின் ஜெங் ஜியை நினைவுகூர்பவர்கள் மிகக் குறைவு. நினைவுகூர்பவர்களும் "இங்கிலாந்துக்குப் போனார், நிலைக்கவில்லை, திரும்பிவிட்டார்" என்று மூன்று சொற்றொடர்களில் அவரை முடித்துவிடுகிறார்கள். இந்தக் கணிப்பு தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதை விரிவாகப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் 1980 ஆகஸ்ட் 20 அன்று வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங் நகரில் பிறந்தவர். சீனாவுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்த லியாவ்னிங் மாகாணத்தின் தலைநகர் அது. இங்கிலாந்தின் எவர்டன் அணியில் ஆடிய லி டியேயும் அதே ஊர்க்காரர். ஆனால் ஜெங் ஜி பெயர் பெற்றது சொந்த மாகாணத்தில் அன்று. நாட்டின் மறுகோடியான தெற்கில், ஷென்சென் அணியில். 2001இல் அங்கே முதல்நிலை ஆட்டங்களைத் தொடங்கிய அவர், தடுப்பு வரிசையிலும் நடுக்களத்திலும் மாறி மாறி ஆடினார். 2004இல் சீன சூப்பர் லீக் முதன்முறையாக நடந்தபோது அந்த அணியே வாகை சூடியது. அடுத்து ஷான்டோங் லுனெங் அணிக்குச் சென்று, 2006இல் லீக்கும் கோப்பையும் ஒரே ஆண்டில் வென்றார். அந்த ஆண்டின் இறுதியில் லண்டனின் சார்ல்டன் அத்லெடிக் அணிக்கு இரவலாகப் போனார். 2009இல் ஸ்காட்லாந்தின் செல்டிக். 2010 கோடையில் அங்கிருந்து விடுபட்டு அவர் சேர்ந்த இடம் குவாங்சோ எவர்கிராண்டே.

என் கேள்வி இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அப்போது குவாங்சோ, சீனாவின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அணி. ஆட்ட முடிவுகளை விலைபேசிய பழைய குற்றத்துக்காகக் கீழே இறக்கப்பட்டு, அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஒரு வீட்டுமனை நிறுவனத்தால் 10 கோடி யுவானுக்கு வாங்கப்பட்டிருந்தது. முப்பதை எட்டும் வயதில், ஐரோப்பாவிலிருந்து அத்தகைய அணிக்கு வந்தவரின் ஆட்டவாழ்வு முடிந்தது என்றே எவரும் கருதியிருப்பார்கள். ஆனால் அதன் பிறகு அவர் எட்டு லீக் பட்டங்களையும், ஆசியக் கிளப் அணிகளுக்கான ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு பட்டங்களையும் வென்றார். ஆசியாவின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். ஐரோப்பாவில் கழித்த மூன்றரை ஆண்டுகளை அளவுகோலாக வைத்து இந்த மனிதரை அளப்பது நியாயமா?

கோல்காப்பான்:

நல்ல இழை. ஆனால் உங்கள் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அடுக்கும் பட்டங்கள் அனைத்தும் பணத்தால் கட்டப்பட்ட ஓர் அணியின் பட்டங்கள். 2011இல் அர்ஜென்டினாவின் கோன்காவை அந்த அணி வாங்கியபோது, உலகிலேயே அதிக ஊதியம் பெறுபவர்களில் ஒருவராக அவர் பேசப்பட்டார். 2012இல் உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளரான மார்செல்லோ லிப்பியைக் கொண்டு வந்தார்கள். பிரேசிலிலிருந்து முரிக்கி வந்தார், பிறகு எல்கெசன் வந்தார். இத்தனை பேர் முன்னால் நிற்கும்போது பின்னால் நிற்கும் நடுக்கள வீரர் எவராக இருந்தாலும் பட்டம் வந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மாறாக, எவரும் பணத்தால் வழி அமைத்துக் கொடுக்காத இடங்களைப் பாருங்கள். சார்ல்டனில் அவர் சேர்ந்த பருவத்திலேயே அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. இரண்டாம் நிலையில் அவர் தொடர்ந்தபோது, 2009இல் அங்கிருந்தும் இறங்கியது. செல்டிக்கில் ஒரே ஒரு பருவம். அந்தப் பருவத்தில் பட்டம் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போயிற்று. தேசிய அணியிலும் அவர் ஆடிய ஆண்டுகளில் சீனா ஒருமுறையும் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. மிகச் சிறந்த நடுக்கள வீரர் என்றால் இவற்றில் ஏதேனும் ஒன்றையாவது மாற்றியிருக்க வேண்டாமா?

வெளிச்சுற்று:

கோல்காப்பான் அவர்களே, பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு முக்கியமான விதி விடுபட்டுவிட்டது. அதைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வாதமே ஜெங் ஜிக்குச் சாதகமாகத் திரும்பும்.

2013இல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கில் ஓர் அணி நான்கு வெளிநாட்டவரை மட்டுமே பதிவு செய்ய முடியும். அந்த நால்வரில் ஒருவர் ஆசியராக இருக்க வேண்டும். தொடரின் இறுதிக் கட்டத்தில் குவாங்சோ அந்த நான்கு இடங்களை எப்படி நிரப்பியது? கோன்கா, முரிக்கி, எல்கெசன் ஆகிய மூவரும் தாக்குதலுக்கு. கொரியாவின் கிம் யங்-க்வான் மையத் தடுப்புக்கு. அதாவது, பணம் அணியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தில் ஓர் இடத்தையும் வாங்கித் தந்தது. இடையிலுள்ள பகுதியைச் சீன ஆட்டக்காரர்களை வைத்தே நிரப்பியாக வேண்டும். நடுக்களத்தை அப்படி நிரப்பிய இருவர் ஜெங் ஜியும் ஹுவாங் போவெனும்.

லிப்பி பெரும்பாலும் பயன்படுத்திய அமைப்பில், தடுப்பு நால்வருக்கு முன்னால் இந்த இருவர், அவர்களுக்கு முன்னால் மூவர், உச்சியில் எல்கெசன். கோன்காவும் முரிக்கியும் பந்தை இழந்தவுடன் பின்னால் ஓடிவந்து தடுக்கும் இயல்புடையவர்கள் அல்லர். அவர்கள் விட்டுச்செல்லும் வெளியை நிரப்புவதும், மோதலில் சிதறி வரும் இரண்டாம் பந்தைக் கைப்பற்றுவதும், கைப்பற்றிய பந்தை எதிரணி மூடிக்கொள்வதற்குள் கோன்காவின் காலுக்குச் சேர்ப்பதும் அந்த இருவர் செய்த வேலை. 33 வயதில் அதை ஒருவர் ஆசியாவின் மிக உயர்ந்த மட்டத்தில் செய்தார் என்றால், "எவராக இருந்தாலும் பட்டம் வந்திருக்கும்" என்று எப்படிச் சொல்வது?

அந்த அணி 2012இலும் பணக்கார அணிதான். அந்த ஆண்டு கால் இறுதியில் சவூதியின் அல்-இத்திஹாதிடம் 4-2 என்று தோற்று, சொந்த ஊரில் 2-1 என்று வென்றும் வெளியேறியது. பணம் மட்டுமே போதுமென்றால் அந்த ஆண்டே முடிந்திருக்க வேண்டும்.

பழையவானொலி:

நான் உங்கள் அனைவரையும்விட வயதில் மூத்தவனாக இருப்பேன் என்று நினைக்கிறேன். ஆகவே பழைய சங்கதிகளை நான் சொல்வது பொருத்தம்.

ஷென்சென் அணி வென்ற 2004ஆம் ஆண்டை நடுவட்டம் இரண்டே வரிகளில் கடந்துவிட்டார். அது அப்படிக் கடந்து போகக் கூடிய ஆண்டு அன்று. 12 அணிகள், 22 ஆட்டங்கள். 11 வெற்றி, 9 சமநிலை, 2 தோல்வி என்று 42 புள்ளிகள் எடுத்து அந்த அணி முதலிடம் பெற்றது. அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பல மாதங்கள் ஊதியமே தரப்படவில்லை. பயிற்சியாளர் ஜு குவாங்ஹு அணியைச் சிதறாமல் வைத்திருந்தார். களத்தில் லி வெய்ஃபெங் தடுப்பையும் ஜெங் ஜி நடுக்களத்தையும் தாங்கினார்கள். ஊதியம் இல்லாமல் லீக் வென்ற ஒருவரை, பணம் இருந்த இடத்தில் மட்டும் வென்றவர் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது, கோல்காப்பான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று பெய்ஜிங் தொழிலாளர் மைதானத்தில் ஆசியக் கோப்பை இறுதியாட்டம். ஜப்பானிடம் 3-1 என்று சீனா தோற்றது. ஜப்பானின் இரண்டாவது கோல், கோஜி நகாதாவின் கையில் பட்டு உள்ளே சென்றது என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. நவம்பரில் அதைவிடக் கொடிய முடிவு வந்தது. 2006 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஹாங்காங்கை 7-0 என்று வென்ற பிறகும் சீனா வெளியேறியது. குவைத்துக்கும் சீனாவுக்கும் தலா 15 புள்ளிகள். கோல் வித்தியாசமும் இரண்டுக்கும் 13தான். ஆனால் குவைத் மொத்தம் 15 கோல்கள் அடித்திருந்தது, சீனா 14. ஒரே ஒரு கோல். அந்த ஆட்டம் நடந்த இடம் குவாங்சோவின் தியன்ஹே மைதானம். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜெங் ஜி ஆசியச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியதும் அதே தியன்ஹேயில்தான்.

சீனா உலகக் கோப்பையில் ஆடியது 2002இல் ஒரே ஒரு முறை. அப்போது அவருக்கு 21 வயது. அந்த அணியில் அவருக்கு இடமில்லை. அதன் பிறகு நான்கு தகுதிச் சுற்றுகள். எவ்வளவு சிறந்த நடுக்கள வீரரானாலும், தன் நாட்டின் தடுப்பு வரிசையையும் முன்வரிசையையும் நிர்வாகத்தையும் தனியொருவராகச் சுமக்க முடியாது.

கோல்காப்பான்:

ஐயா, 2004 பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஊதியம் தரப்படாத செய்தியை நான் கருத்தில் கொள்ளவில்லை.

ஆனால் அவருடைய மனநிலை பற்றி எனக்கு ஐயம் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 23 வயதுக்கு மேற்பட்ட மூவரில் ஒருவராக அவர் இளையோர் அணியில் சேர்க்கப்பட்டார். அனுபவம் மிக்கவர் உடனிருந்து வழிநடத்த வேண்டும் என்பதே அந்த மூவரைச் சேர்ப்பதன் நோக்கம். பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கையால் இடித்ததற்காக அவர் சிவப்பு அட்டை பெற்றார். டான் வாங்சோங் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருந்தார். சீனா 2-0 என்று தோற்றது. நாடே பார்த்துக்கொண்டிருந்த போட்டியில், ஒரு தலைவர் செய்யக் கூடாத காரியம் இது.

நடுவட்டம்:

இதற்கு நான் மறுப்பு எழுதப் போவதில்லை. அது தவறுதான். அந்த ஆட்டம் நடந்தது ஷென்யாங்கில், அவர் பிறந்த நகரத்தில் என்பது அந்தத் தவற்றை இன்னும் கனமாக்குகிறது. 27 வயதில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னிலையில், அணியை ஒன்பது பேராக விட்டுச் சென்றார்.

ஆனால் அந்த ஜெங் ஜியையும் 2013இன் ஜெங் ஜியையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். முதலாமவர் களம் முழுவதும் ஓடுபவர். எதிரணியின் பெட்டிக்குள் நுழைந்து கோல் அடிப்பவர். மோதலைத் தேடிச் செல்பவர். இரண்டாமவர் மோதல் நிகழவிருக்கும் இடத்துக்கு முன்கூட்டியே சென்று நிற்பவர். வேகம் குறைந்தபோது அவர் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டார். நிற்கும் இடத்தை மாற்றியபோது ஆட்டத்தைப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. வேகம் குறையும் நாளில் பெரும்பாலான நடுக்கள வீரர்களின் வாழ்வும் குறைந்துபோகிறது. இவருக்கு அந்த நாளில்தான் இரண்டாவது வாழ்வு தொடங்கியது. நான் தலைப்பில் சொல்ல முயன்றது இதைத்தான்.

வெளிச்சுற்று:

சார்ல்டன் காலத்தையும் சற்று நேர்மையாகப் பேசலாம். அணி இறங்கியது உண்மை. ஆனால் 2007 ஜனவரியில் அவர் சேர்ந்தபோதே அணி அடிமட்டத்தில்தான் இருந்தது. ஒரே பருவத்தில் மூன்றாவது பயிற்சியாளராக வந்த அலன் பார்ட்யூ, கிடைத்தவர்களை வைத்து மீட்க முயன்றுகொண்டிருந்தார். மார்ச்சில் நியூகாசிலை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் ஜெங் ஜியுடையது. கோடையில் அணி அவரை நிரந்தரமாக ஒப்பந்தம் செய்தது. அடுத்த பருவத்தில் இரண்டாம் நிலையில் 40க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் இறக்கியது. இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் 46 ஆட்டங்கள் உண்டு. வாரத்துக்கு இரண்டு ஆட்டம், கடும் உடல் மோதல், நீண்ட பேருந்துப் பயணம் என்று நடக்கும் அந்த லீக்கில் அத்தனை ஆட்டங்களில் நம்பி இறக்கப்பட்டவரை நிலைக்காதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த பருவத்தைக் காயங்கள் பாழாக்கின. அதுவும் கணக்கில் வர வேண்டும்.

ஒப்பிட வேண்டுமானால், மான்செஸ்டர் சிட்டியில் சுன் ஜிஹாய் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தார். எவர்டனில் லி டியே முதல் பருவத்தில் 29 லீக் ஆட்டங்கள் ஆடினார். பிறகு கால் முறிவு அவரை வீழ்த்தியது. இந்த இருவரோடு வைத்துப் பார்த்தால் ஜெங் ஜியின் இங்கிலாந்துக் காலம் நடுத்தரமானது. மோசமானது அன்று.

நூல்கண்டு:

நான் இந்த மன்றத்தில் பெரும்பாலும் வாசிப்பவன், எழுதுவது குறைவு. ஆனால் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூரில் பின்னலாடை உபபொருள்கள் வணிகம் செய்கிறேன். பொத்தான், ஜிப், லேபிள் கொள்முதலுக்காகக் குவாங்சோவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போய்வந்த காலம் அது. 2013 நவம்பர் 9 அன்று நான் அந்த நகரத்தில் இருந்தேன். அன்றைய ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்கு நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை. மாலையில் தியன்ஹே பக்கம் மெட்ரோவில் போனபோது பெட்டி முழுவதும் சிவப்புச் சட்டைகள். பாட்டிகளும் சிறு குழந்தைகளும்கூட அணிந்திருந்தார்கள். மைதானத்துக்குள் 50,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள் என்று பிறகு படித்தேன். வெளியே இருந்தவர்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஓர் உணவகத்தில் நின்றபடியே தொலைக்காட்சியில் பார்த்தேன். கொரியாவின் சீயோல் அணியோடு அதன் ஊரில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என்று முடிந்திருந்தது; சமநிலையானால் எதிரணியின் ஊரில் அடித்த கோல்களே முடிவு செய்யும் என்பதால், இந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தாலும் கோப்பை குவாங்சோவுக்கு என்று எல்லோரும் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்கெசன் கோல் அடித்தபோது மேசைகள் அதிர்ந்தன. ஐந்து நிமிடங்களில் சீயோலின் டாமியானோவிச் அதைச் சமன் செய்தபோது அந்த உணவகம் இருந்த நிலையை என்னால் சொற்களில் சொல்ல முடியாது. அதன் பிறகு ஏறக்குறைய அரை மணி நேரம் யாரும் உட்காரவில்லை.

எனக்கு ஆட்ட நுணுக்கம் அதிகம் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். என் அருகில் நின்றிருந்த முதியவர், முரிக்கி பந்தை எடுத்தபோது கத்தினார். கோன்கா எடுத்தபோது கைதட்டினார். ஜெங் ஜி எடுத்தபோது மட்டும் மூச்சை விட்டார். பந்து அவர் காலில் இருந்த நொடிகளில் அந்த முதியவரின் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். மொழி தெரியாத எனக்கு அந்த ஆட்டக்காரர் யார் என்று புரிந்தது அப்போதுதான்.

பழையவானொலி:

நூல்கண்டு அவர்களே, மனம் நிறைந்தது. அந்த முதியவரும் 2004 நவம்பரில் அதே மைதானத்தின் செய்தியை எங்கோ கேட்டுக் கலங்கியவராக இருந்திருக்கலாம்.

பேச்சு வந்ததால், எவரும் இதுவரை தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பலருக்கு ஜெங் ஜியின் பெயர் முதலில் அறிமுகமானது ஒரு கால் முறிவின் வழியாக. 2006 ஜூன் 7 அன்று, உலகக் கோப்பைக்கு முன்னதான நட்பு ஆட்டத்தில் பிரான்சும் சீனாவும் சாந்த்-எத்தியென் நகரில் மோதின. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில், பந்தை நோக்கி ஓடிய ஜிப்ரில் சிசேயும் அவரைத் துரத்திய ஜெங் ஜியும் மோதிக்கொள்ள, சிசேயின் வலது கால் முறிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அவருடைய இடது கால் முறிந்து ஆறியிருந்தது. சிசே அந்த உலகக் கோப்பையை இழந்தார்.

அது வேண்டுமென்றே செய்த தாக்குதல் அன்று. இருவரும் முழு வேகத்தில் ஓடும்போது நேர்ந்த மோதல். அதே ஆட்டத்தில் பிற்பகுதியில் சீனாவுக்குப் பெனால்டி கிடைத்தபோது, உதைக்க வந்தவர் ஜெங் ஜி. அடித்தார், கோல். பிரான்ஸ் 3-1 என்று வென்றது. அரங்கம் முழுவதும் தன்மேல் சினம் கொண்டிருக்கையில் பந்தை எடுத்துப் புள்ளியில் வைக்க 25 வயது இளைஞருக்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்று அன்று நான் எண்ணிக்கொண்டேன்.

கோல்காப்பான்:

நூல்கண்டு எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தின் கூர்மை குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விருது பற்றி ஒரு கேள்வி. 2013இல் ஆசியாவின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இறுதிப் பட்டியலில் மற்ற இருவரும் ஈரானியர்: நெகூனாம், ஷோஜாயி. ஜப்பானின் ககாவாவும் நகதோமோவும் ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இந்த விருதுக்கு என்ன பொருள்? விருது பெறுபவர் விழாவுக்கு நேரில் வர வேண்டும் என்ற வழக்கமும் நெடுநாளாகக் குறைகூறப்பட்டதுதானே?

வெளிச்சுற்று:

வழக்கம் பற்றிய குறை சரியானதே. ஆனால் 2012 முதல் ஆசியாவுக்கு வெளியே ஆடும் ஆசியர்களுக்கெனத் தனி விருது ஏற்படுத்தப்பட்டுவிட்டது. முதல் ஆண்டு அதைக் ககாவா பெற்றார்; 2013இல் நகதோமோ பெற்றார். ஆகவே ஜெங் ஜி பெற்றது ஆசியக் களங்களில் ஆடியவர்களுக்கான விருது என்று கொள்வதே முறை. அந்த எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், அரையிறுதியில் ஜப்பானின் காஷிவா ரேசோலை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 8-1 என்று நொறுக்கி, இறுதியில் சீயோலை வென்ற அணியின் தலைவருக்கு அது போகாமல் யாருக்குப் போயிருக்க வேண்டும்? ஒரு நியாயமான மறுமொழி முரிக்கி. 13 கோல்களுடன் தொடரின் முதல் கோலடிப்பாளர் அவர்தான். ஆனால் அவர் பிரேசிலர். இந்த விருது ஆசியருக்கு.

சீனாவிலிருந்து அவருக்கு முன்னால் அந்த விருதைப் பெற்ற ஆண் ஒருவரே: 2001இல் ஃபான் ஜியி.

நடுவட்டம்:

2013 பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மறக்கக் கூடாது. அதே ஆண்டு ஜூனில், ஹெஃபெய் நகரில் சீனத் தேசிய அணி தாய்லாந்திடம் 5-1 என்று தோற்றது. பயிற்சியாளர் கமாச்சோ நீக்கப்பட்டார். ஐந்து மாதங்கள் கழித்து ஒரு சீன அணி ஆசியாவையே வென்றது. ஒரே நாடு, ஒரே ஆண்டு. பழையவானொலி ஐயா சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்: ஒழுங்கான பயிற்சியும் தெளிவான அமைப்பும் உள்ள இடத்தில் வைத்தால் அந்தச் சீன வீரர்களும் ஆசியாவின் முதல் தரம்தான்.

தேசிய அணியில் அவருடைய பிற்காலமும் நன்றாகவே இருந்தது. 2015 ஆசியக் கோப்பையில், 34 வயதில் அணித்தலைவராக, சவூதி அரேபியா, உஸ்பெகிஸ்தான், வடகொரியா ஆகிய மூன்று அணிகளையும் வென்று குழுவில் முதலிடம் பெற்றுத் தந்தார். கால் இறுதியில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவின் டிம் கேஹில் இரண்டு கோல்கள் அடித்து அந்தக் கனவை முடித்தார். 2017 மார்ச்சில் சாங்ஷா நகரில் தென்கொரியாவை 1-0 என்று வென்றபோது அவருக்கு வயது 36. கடைசியாக 2019 ஆசியக் கோப்பை. ஈரானிடம் 3-0 என்று வெளியேறியபோது 38. நாட்டுக்காக 100க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

இதில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. 38 வயதுக்காரரை நடுக்களத்தில் நிறுத்தாமல் ஆசியக் கோப்பைக்குப் போக முடியாத நிலையில் அந்த நாடு இருந்தது. அது அவருக்குப் பெருமை. அவருக்குப் பின்னால் எவரையும் வளர்க்காத அமைப்புக்குப் பெருமை அன்று. ஆசியப் பட்டத்தை வென்ற அதே கிளப், உள்ளூர் விதிகள் கேட்ட அளவுக்குமேல் இளம் நடுக்கள வீரர்களுக்கு ஆட்ட நேரம் தந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நூல்கண்டு:

அந்தக் கிளப் இப்போது இல்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

பழையவானொலி:

ஆம். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டங்கள், 2019இல் எட்டாவது. 2015இல் துபாயின் அல்-அஹ்லியை 1-0 என்று வீழ்த்தி இரண்டாவது ஆசியப் பட்டம். 2020இல் தாமரை வடிவில் ஒரு லட்சம் பேர் அமரும் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2021இல் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியது. பயிற்சியாளர் கன்னவாரோ விலகினார். வெளிநாட்டு வீரர்கள் புறப்பட்டார்கள். அப்போது அணியைப் பொறுப்பேற்றவர், 41 வயதாகியிருந்த ஜெங் ஜி. அந்த நிலையிலும் அணியை லீக்கில் மூன்றாம் இடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு அணி கீழ்நிலைக்கு இறங்கியது. 2025 ஜனவரியில், கடன்களைத் தீர்க்க இயலாததால் தொழில்முறை லீக்கில் பதிவு பெற முடியாமல் அந்தக் கிளப் மறைந்துபோனது.

ஷென்சென் அணியும் அவ்வாறே 2024 தொடக்கத்தில் மறைந்தது. அவர் சீனாவில் லீக் பட்டம் வென்ற மூன்று கிளப்களில் இன்று நிலைத்திருப்பது ஷான்டோங் மட்டுமே.

கோல்காப்பான்:

இந்தத் தகவலை இவ்வாறு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஊதியம் தராத கிளப்பில் தொடங்கி, ஊதியம் தர இயலாத கிளப்பில் முடித்திருக்கிறார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளை மட்டும் வைத்து, "பணத்தால் வென்றவர்" என்று எழுதிய என் முதல் பதிவைத் திரும்பப் பெறுகிறேன். ஐரோப்பாவில் அவர் இன்னும் இரண்டு ஆண்டுகளாவது முயன்றிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் 2013 இறுதியாட்டத்தை முழுமையாகப் பார்த்ததில்லை; கோல்களை மட்டும் பார்த்திருக்கிறேன். எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் இந்த வாரமே பார்த்துவிடுகிறேன்.

நடுவட்டம்:

திறந்த மனத்தோடு பேசியதற்கு நன்றி, கோல்காப்பான். ஐரோப்பா பற்றிய உங்கள் எண்ணத்தோடு நான் வாதாட மாட்டேன். அதற்கு விடை சொல்ல அவரால் மட்டுமே முடியும்.

கோல்களை விட்டுவிடுங்கள். இரண்டாவது ஆட்டத்தை 63ஆம் நிமிடத்திலிருந்து, டாமியானோவிச் சமன் செய்த நொடியிலிருந்து பாருங்கள். சீயோல் இன்னும் ஒரு கோல் அடித்தால் கோப்பை அவர்களுக்கு. அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். பந்து எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாம். சிவப்புச் சட்டையில் 10ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். சீயோல் வலப்பக்கம் போனால் அவர் எத்தனை அடி நகர்கிறார், ஹுவாங் போவென் முன்னால் ஏறினால் அவர் எங்கே இறங்குகிறார், கிம் யங்-க்வானுக்கும் ஃபெங் ஷியாவ்டிங்குக்கும் முன்னால் உள்ள அந்தச் சிறு நிலத்தை விட்டு எப்போது வெளியேறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் இங்கே எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.